நான்கு வேட்பாளர்களுக்கு அழுத பெண்

'மலைக்குரல்' வெள்ளிக்கிழமைதோறும் வரும். நான்கே பக்கம். முதல் பக்கத்தில் ஆளுநர் எதையாவது திறந்துவைப்பார், கடைசிப் பக்கத்தில் யாராவது செத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் இரண்டு பக்கங்களை அச்சுக்கோப்பவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. புருல்கான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். அன்றைக்கு அதற்கு அவளுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கணவருக்கு ஆஷ் நடந்தது.

செத்து ஓராண்டு ஆனதும் போடுகிற விருந்து அது. கிழடு கட்டாத பெட்டைக்குதிரைகளாகப் பார்த்து வெட்டியிருந்தார்கள். குதிரைப் பந்தயம் விட்டார்கள். நரின் ஆற்றின் இரு கரையிலிருந்தும் சனம் வந்தது. கால்நடை மருத்துவருக்கு வராமல் வேறு யாருக்கு வருவார்கள்? அந்தப் பள்ளத்தாக்கில் அவர் கை படாமல் பிறந்த கன்றுக்குட்டி குறைவு. எல்லாருக்கும் அவர் 'டாக்டர்'. குடித்துவிட்டு ஏசுகிறவன்கூட 'டேய் டாக்டர்' என்றுதான் ஏசுவான்.

புருல்கானுக்கு அவர் 'இந்தாங்க'. முப்பத்திரண்டு வருஷமும் அப்படித்தான். கணவன் பெயரை மனைவி வாயால் சொல்வதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், தனிமங்களின் பெயரையெல்லாம் தலைகீழாகச் சொல்லுவாள், அந்த ஒரு பெயரைச் சொன்னதில்லை. கல்லறைக் கல்லில் பெயர் பொறித்திருந்தது. ஆனால் பெண்கள் அங்கே போவதில்லை. ஆஷ் முடிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. கறுப்புத் துணியைக் கழற்றி அவள் தலையில் வெள்ளை முக்காடு போட்டாகிவிட்டது, அவர் சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது, மகன் மாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டான். இனி அந்தப் பெயரை யாரும் கூப்பிடப்போவதில்லை. அதனால்தான் 'மலைக்குரல்' ஆசிரியர் சுல்தான்காசியிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். பத்திரிகையில் முழுப்பெயர் போட்டு ஒரு செய்தி வரவேண்டும். 'டாக்டர்' என்று இல்லை. பெயர். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணாலாவது பார்த்துக்கொள்ளலாம்.

"போடாம என்ன அண்ணி? படத்தோட போடறேன்" என்று சொல்லியிருந்தார் அவர். ஒரு கையில் குதிரையின் இடுப்புக்கறி, மறு கையில் வீட்டுக்குக் கட்டிக்கொண்ட பொட்டலம். தூரத்து உறவு, அதனால் உரிமையோடு சாப்பிட்டார்.

கடைசிப் பக்கத்தில் செய்தி இல்லை. பக்கத்தைத் திருப்பினாள். முதல் பக்கத்தில் படம் இருந்தது.

பெரிய படம். மலைச்சரிவு கொள்ளாத கூட்டம், வெள்ளைக் கம்பளித் தொப்பிகள், குதிரைகள். அதன் ஓரத்தில், பெண்கள் முக்காடு போட்டுவிட, முகம் கோணி அழுதுகொண்டிருப்பவள் அவளேதான். தலைப்பு: 'அதிபர் வேட்பாளர் ஓரோஸ்பாய் திலேகேயெவை வரவேற்கத் திரண்டது மக்கள் வெள்ளம்.' படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில்: 'வேட்பாளரின் உரையைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் வாக்காளர். மாற்றத்தின் அடையாளமாக வெண்முக்காடு அணிகிறார்.'

அவள் கணவரின் பெயர் எங்கும் இல்லை. அவர் செத்த செய்திகூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கில் யாருமே எப்போதும் செத்ததில்லை என்று தோன்றும்.

அடுப்பில் பால் பொங்கிச் சீறியது. அவள் திரும்பவில்லை.

திலேகேயெவ் வந்தது உண்மைதான். ஆஷுக்கு யார் வந்தாலும் போ என்று சொல்லக்கூடாது. எதிரி வந்தாலும் இறைச்சித் தட்டு வைக்கவேண்டும். தேர்தல்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சொந்தமாகக் கூட்டம் கூட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் நகராட்சித் துப்புரவுக்காரர்களையும் பஸ்ஸில் ஏற்றிவரவேண்டும். செத்தவன் வீட்டில் கூட்டம் தானாகவே இருக்கும், சாப்பாடும் செத்தவன் செலவு. மூன்று கறுப்பு ஜீப்பில் வந்து இறங்கி, பிரார்த்தனைக்கென்று உள்ளங்கை விரித்து முகத்தில் தடவிக்கொண்டு, குதிரைப் பந்தயத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைப் பிடித்து நல்ல சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். தலைநகரத்தில் ரஷ்ய மொழியிலேயே வளர்ந்தவர். கிர்கிஸ் மொழியைச் சூடான தேநீர் குடிப்பதுபோல ஒவ்வொரு மிடறாகப் பேசினார். எதிர்த்து நிற்கும் இஷெனோவும் வந்தார். அவருக்கு ஒலிபெருக்கி கிடைக்கவில்லை, அதனால் நிறையச் சாப்பிட்டார்.

மைத்துனன் மெதெர் வாடகை வண்டி ஓட்டுகிறவன். பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"அண்ணி, வண்டியில ஏறுங்க. அந்த ஆளு எங்க அண்ணன் குதிரையத் தின்னுட்டு எவனுக்கோ ஏப்பம் விட்டிருக்கான்."

பத்திரிகை அலுவலகம் பழைய தபால் நிலையத்தின் பின்பக்கம். ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர் மூன்று பேரும் அங்கே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் சுல்தான்காசிதான்.

"வாங்க அண்ணி, வாங்க. படம் எப்படி? தலைநகரத்துலேர்ந்து போன் பண்ணிப் பாராட்டினாங்க."

"அது யாரோட கூட்டம் சுல்தான்காசி?"

"மக்கள் கூட்டம்."

"எதுக்கு வந்த மக்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துணி போதாமல் கழுத்துப் பட்டையையும் எடுத்துக்கொண்டார். "அண்ணி, எனக்குத் தெரியாதா? நான் எழுதினது அண்ணனப் பத்தித்தான். ஆளுநர் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பாத்தாரு. 'தேர்தல் நேரத்துல முதல் பக்கத்துல சாவா?'ன்னாரு. 'படம் நல்லாருக்கு, சாவை எடுத்துடு'ன்னாரு. எடுத்துட்டேன்."

"அண்ணே, சாவை எடுத்துடலாம்னா போன வருஷமே எடுத்திருக்கலாமே" என்றான் மெதெர்.

"அடுத்த வாரம் திருத்தம் போடுங்க" என்றாள் புருல்கான். "இது இன்னாரோட ஆஷ்னு ஒரே ஒரு வரி. பேரோட."

"அது ஆகாது அண்ணி. 'திலேகேயெவுக்கு வந்த கூட்டம் இல்லை'ன்னு போட்டா அது அவருக்கு எதிரான பிரசாரம். பிரசாரம்னா அவங்கவங்க தேர்தல் நிதியிலேர்ந்து பணம் கட்டணும். அண்ணன் வேட்பாளரா நிக்கலியே."

"நின்னிருந்தா?"

"நின்னிருந்தா சம இடம் குடுத்திருப்பேன்" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சம இடம். அந்தச் சொல்தான் அடுத்த வெள்ளிக்கிழமை புருல்கானின் தலையில் விழுந்தது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு படம் என்பது சட்டம். இஷெனோவின் ஆட்கள் முறையிட்டார்கள்: அதே கூட்டத்தில் எங்கள் ஆளும் இருந்தார், எங்களுக்கும் கூட்டம் வேண்டும். மற்ற இரண்டு வேட்பாளர்கள், ஒரு பேராசிரியரும் ஒரு தேனீ வளர்ப்பவரும், பள்ளத்தாக்குப் பக்கமே வந்ததில்லை. சட்டம் அதையெல்லாம் கேட்பதில்லை. சுல்தான்காசியிடம் இருந்தது ஒரே கூட்டம். அதையே வெட்டி வெட்டிப் போட்டார். ஒன்றில் இடப்பக்கச் சரிவு, ஒன்றில் வலப்பக்கக் குதிரைகள். அழுகிற பெண்ணை மட்டும் மூன்றிலும் விட்டுவைத்தார். கூட்டத்தில் உணர்ச்சி என்று இருந்தது அது ஒன்றுதான்.

இஷெனோவின் பக்கத்தில் அவள், 'நாட்டின் இன்றைய அவலம் கண்டு குமுறி அழும் தாய்'. பேராசிரியரின் பக்கத்தில், 'கல்வியின் வீழ்ச்சியை எண்ணிக் கலங்கும் ஆசிரியை'. இது மட்டும் தற்செயலாகக் கொஞ்சம் சரி. தேனீக்காரர் பக்கத்தில், 'தேனீக்கள் அழிந்துவருவதைக் கேள்விப்பட்டதும் தாங்க முடியாமல்'.

வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவர் ஊருக்கு வந்து நான்கு படங்களையும் அளவுகோல் வைத்து அளந்தார். ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'மலைக்குரல்' நடுநிலைக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிக்கொண்டு போனார்.

ஊர் விடுமா? மாவுக் கடையில் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டது.

"அக்கா, தேனீக்கெல்லாம் அழுதியாமே. எங்க வீட்டு ஆட்டுக்குக் கழிச்சல். நாலு சொட்டு விடேன்."

"சும்மா இருடி. அக்காவுக்கு நேரமில்ல. அதிபர் ஆகிற வரைக்கும் நாலு பேரையும் பாத்துக்கணும்."

இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். நாத்தனார் வீட்டுக்கே வந்து, தேநீரைக்கூடத் தொடாமல் சொன்னாள்: "கறுப்பைக் கழட்டின அன்னைக்கே அடுத்தவனுக்காக அழுதான்னு ஊர் பேசுது. எந்தம்பிக்கு வந்த கண்ணீர் ஊருக்கெல்லாம் போயிடுச்சு. அவன் பேரு ஒரு மூலையிலயாவது இருக்கா?"

புருல்கான் ஆறிப்போன தேநீரை எடுத்து வெளியே ஊற்றினாள். வாயைத் திறந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் இரண்டு கைபேசியும் கூர்மூக்குச் செருப்புமாக ருஸ்லான் என்பவன் வந்தான். திலேகேயெவின் பிரசாரத்தைக் கவனிக்கிறவன். வாசல் சேற்றைத் தாண்டத் தெரியாமல் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, நீங்க இப்ப பெரிய ஆளு. நாங்க ஆராய்ச்சி பண்ணினோம். நாலு வேட்பாளர்லயும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரே முகம் உங்களோடதுதான்."

"அப்ப என்னையே நிறுத்திடுங்க."

அவன் சிரித்தான். "சனிக்கிழமை நரின்ல கடைசிப் பெரிய கூட்டம். மேடையில ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அழுதாப் போதும். தலைநகரத்துப் பத்திரிகையெல்லாம் வருது."

"பேசலாமா?"

"என்ன வேணும்னாலும் பேசுங்கம்மா."

தலைநகரத்துப் பத்திரிகைகள். மைக். அவள் ஒத்துக்கொண்டாள். மெதெருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, அந்த மேடையில போய் நீங்களா?"

"அங்கதான் எல்லாரும் எழுதிக்குவாங்க. இது இன்னாரோட ஆஷ்னு சொல்லிட்டு இறங்கிடறேன்."

"இன்னாருன்னா? பேரை யாரு சொல்றது?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

நரின் சதுக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு விறைத்து நின்றார்கள். துப்புரவுக்காரர்கள் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்ற மறந்திருந்தார்கள். நான்கைந்து கும்பலாக மலைக்கிராமத்துக் கிழவர்களும் பெண்களும், அழுகிற அம்மாவைப் பார்க்கவென்றே வந்தவர்கள். சுல்தான்காசி மேடைக்குக் கீழே கேமராவோடு மண்டியிட்டிருந்தார். திலேகேயெவ் பேசி முடித்து அவளை அணைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவள் வாயைத் திறந்தாள். வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தாள். 'நீங்கள் படத்தில் பார்த்தது என் கணவர்...' அதற்கு அடுத்த சொல் அந்தப் பெயர். ஒத்திகையிலும் அந்த இடத்தில் மூச்சை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டியிருந்தாள். இங்கே தாண்ட முடியவில்லை. சதுக்கம் காத்திருந்தது.

"அழுங்கம்மா" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் ருஸ்லான். "அழுதாப் போதும்."

அப்போதுதான் அது வந்தது. அவள் நினைத்து வரவழைக்கவில்லை. கடந்த ஓராண்டு முழுதும் துக்கக் கூடாரத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் பாடிய ஒப்பாரி. ஒப்பாரிக்குப் பெயர் வேண்டாம்.

சேணம் போட்ட கறுப்புக் குதிரை
வாசலிலே நிக்குதே,
ஏற வேண்டிய என் சாமி
எந்த மலைக்குப் போனீரோ?
கன்னு ஈனும் வீட்டிலெல்லாம்
உம்மைத் தேடி நிக்குதே,
ஊரையெல்லாம் பிழைக்க வெச்சு
உம்மை மட்டும் விட்டீரே.

கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் நிஜமாகவே அழுதார்கள், ஆளுக்கொரு சாவு நெஞ்சில் இருந்தது. ஒப்பாரி என்று புரியாதவர்கள் சதுக்கத்தில் இரண்டே பேர், ருஸ்லானும் திலேகேயெவும். வேட்பாளர் மார்பில் கை வைத்து, தலை சாய்த்து, ஒவ்வொரு அடிக்கும் புன்னகைத்தார். தன்னைப் பற்றிய நாட்டுப்பாடல் என்று யாரோ மேடையில் காதில் சொல்லியிருக்கவேண்டும். முடிந்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான். பிள்ளைகளும் தட்டினார்கள். கைதட்டினால் தட்டவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

புருல்கான் இறங்கி நேராக மெதெரின் வண்டிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லலியா அண்ணி?"

"வாயில வரல."

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னால் கடைசி வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. 'மக்கள் மகனுக்கு மக்கள் பாட்டு' என்று முதல் பக்கம் முழுக்கத் தலைப்பு. கீழே ஒப்பாரி, ஒரு சொல் விடாமல். ஒரே ஒரு மாற்றம். 'என் சாமி' என்ற இடத்தில் 'ஓரோஸ்பாய்'. 'ஏற வேண்டிய ஓரோஸ்பாய் எந்த மலைக்குப் போனீரோ?' பக்கத்தில் திலேகேயெவின் படம், புன்னகையோடு, கட்டங்கட்டி.

சுல்தான்காசி ஏன் அப்படிச் செய்தார் என்பது பின்னால் நெடுநாள் பேசப்பட்டது. பாட்டு முழுதும் வரவேண்டும், வேட்பாளர் பெயர் குறைந்தது ஓரிடத்திலாவது வரவேண்டும் என்று ருஸ்லான் உத்தரவு போட்டிருந்தான். அவர் போட்டார். பயத்தில் போட்டாரா, வேண்டுமென்றே போட்டாரா என்று அவரைக் கேட்டால் கண்ணாடியைத் துடைப்பார். அவருக்கே தெரியாது என்று புருல்கான் நினைத்தாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவன் பெயரை வைத்து ஒப்பாரி அச்சில் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். திலேகேயெவின் அப்பா ஊர் பக்கத்துப் பள்ளத்தாக்கில். அங்கே பத்திரிகை போய்ச் சேர்ந்த மதியமே அவர் சித்தப்பா முற்றத்தில் துக்கக் கூடாரம் அடித்துவிட்டார். சொந்தக்காரர்கள் குதிரையை விரட்டிக்கொண்டு, 'அய்யோ என் தம்பியே' என்று தூரத்திலிருந்தே அலறியபடி வந்து இறங்கினார்கள். ஆடுகள் வந்தன. குழி வெட்டுகிறவர்கள் அளவு கேட்டார்கள். யாரோ தலைநகரத்துக்குப் போன் போட்டு உடல் எப்போது வரும் என்று விசாரித்தார்கள். எடுத்துப் பேசியது உடல்தான். "நான் சாகல சித்தப்பா" என்றது. "செத்தவங்க யாரும் முதல்ல நம்ப மாட்டாங்கடா" என்று அழுதார் சித்தப்பா.

மூன்று எதிர் வேட்பாளர்களும் அனுதாபச் செய்தி அனுப்பினார்கள். இறந்தவர் பண்பாளர், கொள்கையில் மட்டுமே எங்களுக்கு வேறுபாடு என்றார் இஷெனோவ். நான்கு மாதப் பிரசாரத்தில் ஒரு வேட்பாளர் இன்னொருவரைப் பற்றி நல்லதாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் விசாரணை. தலைநகரத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஒரு பக்கம் ருஸ்லான், ஒரு பக்கம் சுல்தான்காசி. பாடியவள் என்பதால் புருல்கானையும் வரவழைத்திருந்தார்கள். மெதெர் துணைக்கு வந்து சுவரோரம் நின்றான்.

"என் வேட்பாளர் உயிரோட இருக்கார்னு இன்னைக்கே போடணும்" என்றான் ருஸ்லான். கைபேசிகள் இரண்டும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. "காலையிலேர்ந்து இருநூறு பேருக்கு நானே சொல்லிட்டேன். குரல் போச்சு."

"போடலாம்" என்றார் அதிகாரி. "திருத்தம்னா அதே பக்கம், அதே அளவு. அது சட்டம். ஆனா அந்தப் பாட்டு இவரோட சாவுக்கு இல்லைன்னா வேற யாரோட சாவுக்குன்னு சொல்லியாகணும். இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க." புருல்கானைப் பார்த்தார். "இறந்தவர் பேர் சொல்லுங்க."

"நான் சொல்றேம்மா" என்று முன்னால் வந்தான் மெதெர். "எங்க அண்ணன்..."

"நீங்க சாட்சி இல்ல. அவங்க சொல்லணும்."

சுல்தான்காசி எழுந்தார். "அம்மா, எங்க பக்கத்துல மனைவி புருஷன் பேரைச் சொல்ற பழக்கமில்ல. எனக்குத் தெரியும், நான் எழுதிடறேன்."

"நீங்க எழுதினதாலதான் நாம எல்லாரும் இங்க உக்காந்திருக்கோம்" என்றார் அதிகாரி. "பழக்கம் இருக்கட்டும். சாட்சி சொல்லலேன்னாலும் பரவாயில்ல. 'காலமான ஒருவருக்காகப் பாடப்பட்டது'ன்னு போட்டுக்கலாம்."

"அது போதும்" என்றான் ருஸ்லான் அவசரமாக. "ஒருவர்னா ஒருவர். பேரெல்லாம் எதுக்கு?"

ஒருவர்.

புருல்கான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் அந்தப் பத்திரிகை கிடந்தது. வாரக்கணக்காக அவள் முகம் வந்திருந்தது, அவள் கண்ணீர் வந்திருந்தது, அவள் வாயில் வந்த ஒப்பாரியும் வந்திருந்தது. தேனீக்கள்கூட வந்திருந்தன. ஒருவர்! குளிரில் விடிய விடிய மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு படுத்துக் கிடந்த மனிதர், ஒருவர்.

மருமகளாக வந்த புதிதில் மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். குறைய இனி என்ன இருக்கிறது?

"இமானலி" என்றாள்.

குரல் கரகரத்தது. யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தட்டச்சு செய்கிற பெண் தலையை நிமிர்த்தினாள். சுவரோரம் மெதெர் தலையைக் குனிந்துகொண்டான். சுல்தான்காசி, ஒரு பெண் உடை மாற்றுவதைப் பார்த்துவிட்டவர்போல, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் சத்தமா" என்றார் அதிகாரி.

"பெய்ஷென் மகன் இமானலி. கால்நடை மருத்துவர். போன வருஷம் அக்டோபர்ல செத்துட்டார். இமானலி." நெஞ்சு படபடத்தது, கல்யாணத்தன்று அடித்ததுபோல. "படத்துல இருக்கிற கூட்டமும் இமானலிக்கு வந்ததுதான். நாலு படத்துலயும். அதையும் எழுதிக்குங்க."

"அது இந்தப் புகார்ல இல்லியே" என்றான் ருஸ்லான்.

"எழுதிக்கோம்மா" என்றார் அதிகாரி தட்டச்சுப் பெண்ணிடம். "இதையும் விட்டா இன்னும் மூணு விசாரணை வரும்."

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் 'மலைக்குரல்' தனி இதழாக வந்தது. முதல் பக்கம் முழுக்கத் திருத்தம். இறந்தவர் பெய்ஷென் மகன் இமானலி என்றும், அவர் ஓராண்டு நிறைவுக்கு வந்த மக்களே படத்தில் இருந்தவர்கள் என்றும், அழுதவர் அவர் மனைவி என்றும், வேட்பாளர் திலேகேயெவ் உயிரோடு நலமாக இருக்கிறார் என்றும் போட்டிருந்தது. அதே எழுத்தில், அதே அளவில், மற்ற மூன்று வேட்பாளர்களும் உயிரோடு நலமாக இருப்பதாகவும் போட்டிருந்தது. அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

அந்தப் பிரசாரத்தில் 'மலைக்குரல்' உண்மையை மட்டுமே எழுதி வெளியிட்ட இதழ் அதுவாகத்தான் இருக்கும். பெரிய பயன் இல்லை. திலேகேயெவின் அப்பா ஊரில் பாதிப் பேர் திருத்தத்தை நம்பவில்லை. செத்தவனுக்கு எதிராக ஓட்டுப்போடுவது பாவம் என்று அவருக்கே போட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில், உயிரோடிருந்த மூவரும் சேர்ந்து வாங்கியதைவிட அவருக்கு அதிகம் விழுந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் அவர் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் தோற்றுப்போனார்.

தேர்தல் முடிந்து முதல் பனி விழுந்த வாரம். வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டுப் புருல்கான் வெளியே வந்தாள். கணவாய்க்கு அந்தப்பக்கம் மேய்ச்சல் நிலத்தில் ஆண்டு முழுக்கக் கிடக்கும் இடையன் ஒருவன், தாடியில் பனி கட்டியிருக்க, குதிரையை இழுத்துப் பிடித்து நின்றான். உப்பு வாங்கக் கீழே இறங்கியவன். உப்புக் கட்டியைச் சுற்றிக்கொடுத்த 'மலைக்குரல்' தாளை மடித்து இடுப்பில் செருகியிருந்தான்.

"வர்ற வழியெல்லாம் அழுதுட்டு வந்தேன்" என்றான். "இங்க வந்தா துக்கக் கூடாரத்தைக் காணோம், வீடு மாறிடுச்சோன்னு சத்தம் போடாம நிறுத்திட்டேன். அம்மா, இது இமானலி வீடுதானே?"

ஆஷ் முடிந்த வீடு. இனி யாரும் அழுதுகொண்டு வரக்கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரக் கூடாரமும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படியிறங்கிப் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"ஆமா, இமானலி வீடுதான்" என்றாள். "இறங்கு. அழுதுட்டு வா, சாப்பிடலாம்."